பொது நிலத்தில் ரிட்ரீவர் நாய்களின் குழுப் பயிற்சி

வேட்டையில் விழும் பறவைகளைத் தேடி எடுத்துவரும் நாய்கள் ரிட்ரீவர்கள் எனப்படுகின்றன. உரிமையாளர்கள் பலர் ஒன்றுகூடி, அரசுக்குச் சொந்தமான புல்வெளிகளிலும் குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் இந்நாய்களைப் பழக்குவதே பொது நிலக் குழுப் பயிற்சி ஆகும். இது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக உள்ளது. சொந்தமாகப் பெரிய நிலமோ நீர்நிலையோ இல்லாத சாதாரண உரிமையாளர்களுக்கு இப்பயிற்சிக்கு வேறு வழி பெரும்பாலும் கிடையாது. அதே நிலத்தை நடைப்பயிற்சி செய்வோர், பறவை நோக்குவோர், மீன் பிடிப்போர், குதிரை ஏறுவோர் ஆகியோரும் பயன்படுத்துகின்றனர். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அதுவே வீடு. ஆகவே நாயைப் பழக்கும் திறனோடு, நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கும் இப்பயிற்சியின் ஒரு பகுதியாகிறது.

ரிட்ரீவர் நாய்கள்

தமிழ் வாசகர்கள் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் ஆகிய இனங்களைப் பெரும்பாலும் வீட்டு நாய்களாகவே அறிவர். உண்மையில் இவை வேலைக்காக உருவாக்கப்பட்டவை.

லாப்ரடாரின் மூதாதை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களுடன் வாழ்ந்த செயின்ட் ஜான்ஸ் நாய் ஆகும். குளிர்ந்த கடலில் நீந்தி, தூண்டிலிலிருந்து நழுவிய மீன்களையும் வலைக் கயிறுகளையும் அது எடுத்துவந்தது. 19ஆம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி பிரபுக்களும் பக்ளூ பிரபுக்களும் இந்நாய்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தனர். 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரிட்ரீவர் இனம், ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் 1868இல் பிறந்த குட்டிகளிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவின் சொந்த இனமான செசபீக் விரிகுடா ரிட்ரீவர், 1807இல் மேரிலாந்து அருகே மூழ்கிய கப்பலிலிருந்து மீட்கப்பட்ட இரண்டு நாய்களின் வழிவந்ததாகக் கூறப்படுகிறது.

இந்த இனங்களுக்குப் பொதுவான பண்புகள் மூன்று. தண்ணீருக்கு அஞ்சாமை முதலாவது. பறவையை நசுக்காமல் கவ்விவரும் மென்வாய் இரண்டாவது. மனிதருடன் சேர்ந்து வேலை செய்யும் விருப்பம் மூன்றாவது. இவை பிறவியிலேயே அமைந்தாலும், எப்போது ஓட வேண்டும், எப்போது ஓடக் கூடாது என்பதை நாய் பயிற்சியால்தான் கற்கிறது.

நாய் கற்க வேண்டியவை

காத்திருத்தல்: பறவை வானில் பறந்து விழும்போது, உடனே பாய்ந்து ஓடவே நாயின் உடல் துடிக்கும். ஆனால் கையாள்பவர் அனுப்பும் வரை அது அவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். துப்பாக்கிகள் இயங்கும் இடத்தில் அனுமதியின்றி முன்னே ஓடும் நாய் உயிரிழக்கக்கூடும். எனவே மற்ற எல்லாப் பாடங்களுக்கும் இதுவே அடித்தளம்.

மார்க்: நாய் தன் கண்ணால் பார்த்து, விழுந்த இடத்தை நினைவில் வைத்து, சென்று எடுத்துவருவது மார்க் எனப்படும். ஒன்று விழுந்தால் ஒற்றை மார்க். அடுத்தடுத்து இரண்டு, மூன்று விழுந்தால் இரட்டை, மும்மை மார்க்குகள். கடைசியாக விழுந்ததை நாய் பெரும்பாலும் முதலில் எடுக்கும். முதலில் விழுந்ததை நினைவு வைத்திருப்பதே கடினமான பகுதி.

பிளைண்ட்: விழுந்ததை நாய் பார்க்கவில்லை; கையாள்பவருக்கு மட்டும் இடம் தெரியும். அவர் நாயை ஒரு திசையில் அனுப்புகிறார். வழி தவறினால் ஒரு முறை விசில் ஊதுகிறார். நாய் உடனே அமர்ந்து அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கையை மேலே உயர்த்தினால் இன்னும் தொலைவுக்குச் செல்ல வேண்டும். பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஹானர்: வேறொரு நாய் வேலை செய்யும்போது, தன் முறை இல்லாத நாய் அமைதியாக அமர்ந்து பார்த்திருப்பது ஹானர் எனப்படும். இதைத் தனியாக இருக்கும் நாய்க்குக் கற்பிக்கவே முடியாது. குழு தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் குழுவாகப் பழக்க வேண்டும்?

ஒருவர் நின்ற இடத்திலிருந்து கையால் எறிந்தால் பயிற்சிப் பொருள் ஏறத்தாழ 30 கஜத்துக்குள் விழுந்துவிடும். நாய்க்குத் தேவைப்படும் தொலைவோ 100 கஜம் அல்லது அதற்கும் மேல். ஆகவே எறிபவர் ஒருவர் வயலின் நடுவே தொலைவில் நிற்க வேண்டும். மும்மை மார்க் என்றால் மூன்று எறிபவர்கள் வேண்டும். கையாள்பவர் ஒருவர், ஹானர் நாயைப் பிடித்திருப்பவர் ஒருவர் எனச் சேர்த்தால் ஐந்து பேர் ஆகிறது.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எட்டு பேர், எட்டு நாய்களுடன் வருவதாகக் கொள்வோம். ஒரு நாய்க்கு 10 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 80 நிமிடம் ஆகும். மூன்று எறியும் இடங்களில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும் என்பதால், மொத்தம் 240 ஆள்-நிமிடங்கள் தேவை. இதை எட்டு பேருக்குப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம். அதாவது, தன் நாய்க்கு 10 நிமிடம் பெறுவதற்கு ஒருவர் பிறர் நாய்களுக்காக 30 நிமிடம் வெயிலிலோ மழையிலோ நின்று எறிய வேண்டும். தன் நாயின் முறை முடிந்ததும் கிளம்பிவிடுபவர் குழுவில் நீடிக்க முடியாது.

கருவிகள்

பயிற்சியின் பெரும்பகுதி உயிருள்ள பறவைகளின்றி நடைபெறுகிறது. பம்பர் எனப்படும் நெகிழி அல்லது துணி உருளைகள் பறவைக்குப் பதிலாகப் பயன்படுகின்றன. விங்கர் எனப்படும் கவண் போன்ற கருவி, இழுத்து மாட்டிய ரப்பர்ப் பட்டைகளின் விசையால் பம்பரை உயரே வீசுகிறது. இதைத் தொலைவிலிருந்து மின்னணுப் பொத்தானாலும் இயக்கலாம். இழுத்து மாட்டப்பட்ட விங்கரின் அருகே நாயையோ குழந்தையையோ விடுவது ஆபத்து.

பம்பரின் நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நாய்கள் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். ஆனால் பச்சைப் புல்லில் கிடக்கும் ஆரஞ்சு நிறம் அவற்றின் கண்ணுக்கு எளிதில் தனித்துத் தெரியாது. ஆகவே பிளைண்ட் பயிற்சிக்கு ஆரஞ்சு பம்பர் வைக்கப்படுகிறது. மனிதர் அதைத் தொலைவிலிருந்து காணலாம். நாயோ கையாள்பவரின் சைகையையும் தன் மூக்கையும் நம்ப வேண்டியிருக்கும். கண்ணால் பார்த்து எடுக்கும் மார்க் பயிற்சிக்கு வெள்ளை அல்லது கறுப்பு வெள்ளை பம்பர் ஏற்றது.

பொது நிலம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் மாநில அரசுகளின் வனவிலங்குப் பகுதிகளுக்கான நிதியில் கணிசமான பங்கு வேட்டையாடுவோர் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இதற்கு முன்பே, 1934இல், வாத்து முத்திரைத் திட்டம் தொடங்கியது. 16 வயதும் அதற்கு மேலும் உள்ள நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் இம்முத்திரையை வாங்க வேண்டும். வருவாயில் 98 விழுக்காடு நீர்ப்பறவை வாழிடங்களைப் பெறுவதற்கே செலவாகிறது. 1959–60ஆம் ஆண்டுக்கான முத்திரை, வாத்துக்குப் பதிலாக ஒரு நாயை முதன்மை உருவமாகக் கொண்டது. 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசிய ரிட்ரீவர் போட்டியில் வென்ற கிங் பக் என்னும் கறுப்பு லாப்ரடாரை, வாயில் வாத்துடன் ஓவியர் மேனார்டு ரீஸ் வரைந்திருந்தார். நல்ல ரிட்ரீவர் இருந்தால், காயம்பட்டு நாணலுக்குள் மறையும் பறவைகள் வீணாவது குறையும் என்பது அம்முத்திரை சொன்ன செய்தி.

இந்தப் பின்னணியால், 'நாங்கள் செலுத்திய பணத்தில் உருவான நிலம் இது' என்ற எண்ணம் வேட்டைக்காரர்கள் சிலரிடம் உண்டு. ஆனால் பொது வரிப்பணமும் இந்நிலங்களுக்குச் செல்கிறது. வேட்டையாடாதவர்களுக்கும் அங்கே செல்ல உரிமை உண்டு. இரு தரப்பாரும் ஒரே பாதையில் எதிர்ப்படும்போது உரிமைப் பேச்சைவிட நடத்தையே நிலைமையைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ரிச்சர்டு பாங் பூங்கா

விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா மாவட்டத்தில் உள்ள ரிச்சர்டு பாங் மாநிலப் பொழுதுபோக்குப் பகுதி, பகிர்ந்து பயன்படுத்தப்படும் நிலத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போரில் 40 எதிரி விமானங்களை வீழ்த்திய விஸ்கான்சின்காரரான விமானி ரிச்சர்டு பாங்கின் பெயரை இது தாங்கியுள்ளது. இங்கே ஜெட் போர் விமானத் தளம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டு விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. 12,500 அடி நீள ஓடுபாதைக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு மூன்று நாள் இருந்தபோது, 1959இல் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 1974இல் மாநில அரசு அந்நிலத்தை வாங்கியது.

சுமார் 4,500 ஏக்கர் பரப்புள்ள இப்பகுதியில் 'சிறப்புப் பயன்பாட்டு மண்டலம்' ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. நாய்ப் பயிற்சி, பருந்து வேட்டை, மாதிரி விமானம் பறக்கவிடுதல், மாதிரி ராக்கெட் ஏவுதல் போன்ற, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செயல்களுக்கு அங்கே இடம் உண்டு. மாதிரி விமானத்தின் இரைச்சலும் நாய்க்கான விசிலும் ஒரே வானத்தின் கீழ் ஒலிக்க வேண்டுமானால், யார் எங்கே, எப்போது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது தவிர்க்க முடியாதது.

கூடு கட்டும் காலம்

குழுப் பயிற்சி பெரிதும் தேவைப்படும் காலம் வசந்தமும் கோடையும். இலையுதிர்காலத்தில் வேட்டை தொடங்குமுன் நாய் தயாராக வேண்டும். பறவைகள் தரையில் கூடு கட்டுவதும் அதே வசந்த காலத்தில்தான். பொது நிலத்தில் எழும் முதன்மைச் சிக்கல் இதுவே.

மல்லார்டு வகைப் பெண் வாத்து புல்வெளியில் கூடு அமைத்து ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கிறது. கூட்டின் அருகே நாய் மோப்பம் பிடித்து வந்தால் தாய் எழுந்து பறந்துவிடும். நாய் முட்டையைத் தொடாவிட்டாலும் தீங்கு நேரலாம். தாய் திரும்பத் தாமதித்தால் முட்டைகள் குளிர்ந்துபோகும். மூடப்படாத கூட்டை நரி, ரக்கூன், காகம் ஆகியவை எளிதில் கண்டுபிடிக்கும். எட்டு நாய்கள் ஒரே புல்வெளியில் மீண்டும் மீண்டும் ஓடினால் ஏற்படும் பாதிப்பை எண்ணிப் பார்க்கலாம். நாளைய வேட்டைக்காக நாயைப் பழக்கும் முயற்சி, நாளைய பறவைகளையே குறைத்துவிடக்கூடும்.

இதனால் பல இடங்களில் காலவரையறை உள்ளது. மின்னசோட்டாவின் வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகளில் ஏப்ரல் 16 முதல் ஜூலை 14 வரை நாய்களைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். விஸ்கான்சினின் வனவிலங்குப் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 31 வரை கயிறு கட்டாயம். நாய்ப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுமக்கள் நடமாடும் உரிமை பெற்ற திறந்தவெளி நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும்.

பொறுப்புள்ள குழுக்கள் இம்மாதங்களில் ஒதுக்கப்பட்ட பயிற்சி நிலங்களையோ, அறுவடையான தனியார் வயல்களையோ, வெட்டப்பட்ட புல்தரையையோ தேடிச் செல்கின்றன. விசிலுக்கு அமர்தல், கைச்சைகை, காத்திருத்தல் ஆகிய பாடங்களுக்கு உயர்ந்த புல் தேவையில்லை.

ஒரு பயிற்சி நாளின் ஒழுங்கு

பயிற்சி நாளில் பின்வரும் நடைமுறைகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

1. அந்த இடத்துக்குரிய அனுமதியும் பருவ விதிகளும் முன்பே சரிபார்க்கப்படுகின்றன. ஒரே பெயருள்ள துறையின் கீழ் வரும் இரண்டு பகுதிகளுக்குக்கூட விதிகள் மாறலாம்.

2. வாகனங்கள் பாதையையும் வாயிலையும் மறைக்காமல் நிறுத்தப்படுகின்றன. முறை வராத நாய்கள் கூண்டிலோ கயிற்றிலோ இருக்கின்றன.

3. ஒருவர் நிலத்தைச் சுற்றி நடந்து, கம்பிவேலி, உடைந்த கண்ணாடி, நீருக்குள் மறைந்த மரக்கட்டை ஆகியவற்றைப் பார்க்கிறார். கூடோ குஞ்சுகளோ தென்பட்டால் இடம் மாற்றப்படுகிறது.

4. காற்றின் திசை, நடைபாதையின் இருப்பு ஆகியவற்றைக் கருதி எறியும் இடங்கள் முடிவாகின்றன. நாய் ஓடும் கோடு பாதையைக் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

5. முதிர்ந்த நாய்க்கு மும்மை மார்க், இளநாய்க்கு அதே இடத்தில் ஒற்றை மார்க் என நாயின் நிலைக்கேற்பப் பாடம் மாற்றப்படுகிறது.

6. வெளியார் எவரேனும் நெருங்கினால் எறிதல் நிறுத்தப்படுகிறது. அவர் கடந்து சென்ற பிறகே அடுத்த நாய் அனுப்பப்படுகிறது.

7. முடிவில் பம்பர்கள் எண்ணப்படுகின்றன. இறகு, வெற்றுத் தோட்டாக் கூடு, நாயின் கழிவு எதுவும் விட்டுச்செல்லப்படுவதில்லை.

இவற்றுள் ஆறாவது விதியே பெரும்பாலும் மீறப்படுகிறது. நாய் புறப்படத் தயாராக இருக்கும் நொடியில் நிறுத்துவது எரிச்சலூட்டும். ஆனால் அந்த நிறுத்தமும் பாடமே. எறிந்த பொருள் கண்முன் கிடக்க, யாரோ ஒரு குடும்பம் நடந்து போகும்வரை அமர்ந்திருக்கும் நாய், ஹானரையும் காத்திருத்தலையும் ஒருங்கே கற்கிறது.

வெடிச்சத்தமும் கவனிக்க வேண்டிய ஒன்று. நாயின் கவனத்தைத் திருப்ப எறிபவர் சில வேளை குண்டில்லாத தோட்டாவை வெடிப்பதுண்டு. அது அனுமதிக்கப்படாத இடங்களும் உள்ளன. அனுமதி உள்ள இடத்திலும், அருகில் குதிரை ஏறுவோர் இருந்தால் அச்சத்தம் விபத்தை உண்டாக்கலாம். வாத்தைப் போல ஒலிக்கும் ஊதுகுழலோ உரத்த குரலோ பல நேரங்களில் போதுமானது.

நாயின் நலம்

ரிட்ரீவர் நாய் களைப்பை எளிதில் வெளிக்காட்டாது. விழும் வரை ஓடக்கூடியது. ஆகவே ஓய்வை முடிவு செய்ய வேண்டியவர் உரிமையாளரே. கோடையில் அதிகாலைப் பயிற்சியும், நிழலும், குடிநீரும் இன்றியமையாதவை. லாப்ரடார் போன்ற இனங்களில் சில நாய்களுக்குக் கடும் உழைப்பின்போது பின்னங்கால்கள் தளர்ந்து விழும் மரபுவழிக் குறைபாடு உண்டு. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. இப்போது மரபணுப் பரிசோதனை மூலம் இதை முன்பே அறியலாம்.

தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் நாயை இறக்கவே கூடாது. அதன் நச்சு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்குச் செல்லுமுன் படகு, காலணி, பம்பர் ஆகியவற்றைக் கழுவி உலர்த்துவது, வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் பரவாமல் தடுக்கும்.

தேர்வுகளும் போட்டிகளும்

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கீழ் நடந்த முதல் ரிட்ரீவர் களப்போட்டி, 1931இல் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்னும் ஊரில் ஒரு தனியார் பண்ணையில் நடைபெற்றது. அக்காலத்தில் இது செல்வந்தர்களின் விளையாட்டாக இருந்தது. களப்போட்டிகளில் நாய்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. மார்க் தொலைவு 300 கஜத்தைத் தாண்டுவதும் உண்டு.

சாதாரண வேட்டைக்காரர்களின் நாய்களுக்கென 1980களில் வேட்டைத் தேர்வுகள் தோன்றின. அமெரிக்கன் கென்னல் கிளப் 1985இல் இத்தேர்வுகளைத் தொடங்கியது. இவற்றில் நாய்கள் ஒன்றையொன்று வெல்ல வேண்டியதில்லை. வகுத்த தரத்தை எட்டினால் போதும். மதிப்பெண் 0 முதல் 10 வரை. தேர்ச்சிக்கு ஒட்டுமொத்தச் சராசரி 7 வேண்டும். ஜூனியர், சீனியர், மாஸ்டர் என மூன்று நிலைகள் உள்ளன. ஜூனியர் நிலையில் நாயைக் கழுத்துப்பட்டையால் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த இரு நிலைகளில் அது தானாகவே காத்திருக்க வேண்டும்; ஹானரும் செய்ய வேண்டும். பள்ளிப் பாடத்தில் போலவே, கீழ்வகுப்பில் பிறர் பிடித்திருந்த கட்டுப்பாட்டை மேல்வகுப்பில் மாணவனே ஏற்கிறான்.

வேட்டைத் தேர்வுகள் வந்தபின், நிலமில்லாத உரிமையாளர்கள் பலர் இதில் ஈடுபடத் தொடங்கினர். அவர்கள் தயாராக வேண்டிய இடமோ பொது நிலம்தான்.

நிலத்தை இழக்கும் வழி

பொது நிலத்தில் பயிற்சி செய்யும் வாய்ப்பு நிலையானதன்று. பருவத் தடையை மீறி அவிழ்த்துவிடப்பட்ட நாய், பறவை நோக்குவோர் கண்முன் கலைந்த ஒரு கூடு, நடைபாதையில் குழந்தையை மோதித் தள்ளிய நாய் என ஓரிரு நிகழ்வுகள் புகாராக மாறினால், நிர்வாகம் விதியை இறுக்கலாம்; இடத்தையே மூடலாம். அப்போது இழப்பு தவறு செய்தவருக்கு மட்டும் நேர்வதில்லை. சரியாக நடந்துகொண்ட மற்றக் குழுக்களும் இடம் இழக்கின்றன. செல்வம் உள்ளவர் தனியார் நிலத்துக்குச் சென்றுவிடுவார். ஒரே ஒரு நாயை வைத்துக்கொண்டு வார இறுதியில் பழக்குபவருக்கு அந்த வழி இருக்காது.

இதை உணர்ந்த குழுக்கள் பயிற்சியைத் தவிர வேறு பணிகளையும் மேற்கொள்கின்றன. குப்பை அகற்றுதல், வாத்துகளுக்குக் கூட்டுப்பெட்டி அமைத்தல், களைச்செடி நீக்குதல் ஆகியவற்றில் நில மேலாளர்களுக்கு உதவுகின்றன. புதிதாகச் சேருபவருக்கு விசிலைக் கொடுக்குமுன் அந்த இடத்தின் விதித்தாளைக் கொடுத்து, முதல் சில வாரங்கள் எறியும் இடத்தில் நிற்கவைக்கின்றன. அங்கே நின்றபடி அவர் பிறர் நாய்களைப் பார்க்கிறார். காற்று, புல், பாதை, பறவை ஆகியவற்றையும் கவனிக்கப் பழகுகிறார். அதன் பிறகே அவருடைய நாயின் முறை வருகிறது.